மதிலில்லாத வளாகத்தில் ஒரு பிரியாவிடை

ஜூன் மாதம் ரொறன்ரோ நகர மையத்தில் பட்டமளிப்புக் காலம். குயின்ஸ் பார்க் சப்வே நிலையத்தில் இறங்கி, கொலிஜ் வீதியால் மேற்கே கொஞ்சத் தூரம் நடந்து, வலப்பக்கம் கிங்ஸ் கொலிஜ் வீதிக்குள் திரும்பினால் பட்டுச்சேலைகள் தெரியத் தொடங்கும். சேலைக்கு மேல் ஒரு கார்டிகன், கையில் பளபளக்கும் தாள் சுற்றிய பூங்கொத்து, பக்கத்தில் கழுத்துப்பட்டியை அடிக்கடி தளர்த்திக்கொள்ளும் அப்பா. இருவருக்கும் நடுவில் கறுப்புக் கவுன் போட்ட பிள்ளை. எதிரே வட்டக் கூரையோடு கொன்வொகேஷன் மண்டபம். 1907இல் திறந்த அந்த மண்டபத்தில் ஏறக்குறைய 1,700 பேர் இருக்கலாம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மூன்று வளாகங்களில் எதில் படித்தாலும், ஸ்காபரோவானாலும் மிசிசாகாவானாலும், பட்டம் வாங்க வருவது இங்கேதான்.

அந்தக் கூட்டத்தில் நிற்கும் அம்மா அப்பாமாரில் பலருக்கு ஒரு விஷயம் பொதுவானது. நான்கைந்து வருடமாகப் பிள்ளை போய்வந்த இடத்துக்குள் அவர்கள் கால் வைப்பது அன்றுதான் முதல்முறை. பிள்ளைக்கு அது கடைசி நாள்.

நகரத்து வளாகத்தை விட்டுப் போகும் எங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இங்கிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. அவர்கள் பட்டம் வாங்குகிறார்கள், வளாகத்திடம் விடைபெறுவதில்லை. விடைபெறும் அளவுக்கு அந்த இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை, பெற்றோருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறையின் உழைப்பு முழுவதும் போய்ச் சேர்ந்த இடத்தை இப்படி அவசரமாகக் கடந்து போகலாமா?

சுற்றுமதில் கிடையாது

பிரியாவிடை என்றால் எங்கள் மூத்தவர்களின் மனதில் எழும் காட்சி வேறு. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஹந்தானை மலையடிவாரத்து விடுதிகளில் தங்கிப் படித்தவர்களைக் கேளுங்கள். 1937இல் சென்னை ஜோர்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்து மரங்களுக்குள் குடிபோன சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர்களைக் கேளுங்கள். ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஒன்றாகவே பிரிவார்கள். ஆட்டோகிராஃப் கொப்பி கை மாறும். 1963இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பிரியாவிடைப் பாட்டை யாராவது எழுந்து பாடுவார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்களும் அந்த இடத்தில் உடைந்துபோவார்கள். ஊர் ஒரு பக்கம், வளாகம் ஒரு பக்கம் என்று இருந்ததால், வாசலைத் தாண்டும்போதே பிரிவு நெஞ்சில் தைத்தது.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சென் ஜோர்ஜ் வளாகத்துக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. 1827இல் அரச பட்டயம் பெற்ற கிங்ஸ் கல்லூரிதான் 1850இல் ரொறன்ரோ பல்கலைக்கழகமானது. அதைச் சுற்றி நகரம் வளர்ந்தது; பிறகு நகரம் அதற்குள்ளும் புகுந்தது. தெற்கு எல்லையில் கொலிஜ் வீதி, அதில் 506 இலக்க ஸ்ட்ரீட்கார். வடக்கே புளோர் வீதி. மேற்கே ஸ்பாடைனா, அதைத் தாண்டினால் கென்சிங்டன் சந்தை. கிழக்கே மாகாணச் சட்டமன்றம். வளாகத்துக்குக் குறுக்கே ஓடிய டாடில் ஓடையைக்கூட 1880களில் நிலத்தடிக் குழாய்க்குள் இறக்கிவிட்டார்கள். அந்த ஓடை கிடந்த பள்ளம்தான் இன்றைக்குப் பிலோசொபர்ஸ் வோக் என்ற நடைபாதை.

இங்கே ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போவதென்றால் நகரத்து வீதியைக் கடந்துதான் போகவேண்டும். சென் ஜோர்ஜ் வீதியில் சிக்னலுக்குக் காத்து நிற்கும் கூட்டத்தில் மாணவர் யார், விநியோக வண்டிக்காரர் யார், சுற்றுலா வந்தவர் யார் என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒருபுறம் உணவு வண்டிகளில் வறுத்த சோற்றின் வாசம். மறுபுறம் 1973இல் கட்டி முடித்த, பதினான்கு மாடி உயர்ந்த ரொபாட்ஸ் நூலகம். முக்கோண வடிவில் எழும் அந்தக் கொங்கிரீட் கட்டடத்தை முதல் நாள் பார்த்துப் பயப்படாத மாணவர் குறைவு. கடைசி வருடத்தில் அதை விட்டுப் பிரிய மனமில்லாதவர்களும் குறைவில்லை.

மதில் இல்லாததால் நகரத்தின் துயரமும் கோபமும் தடையில்லாமல் உள்ளே வந்தன. 2009 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஈழப் போரின் கடைசிக் களமான முள்ளிவாய்க்காலை நினைத்து இந்த நகரத்துத் தமிழர்கள் யூனிவர்சிட்டி அவெனியூவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் நாட்கணக்கில் நின்றார்கள். மே 10ஆம் திகதி கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர்களில் மாணவர்கள் ஏராளம். ஏப்ரல் இங்கே பல்கலைக்கழகச் சோதனை மாதம். புத்தகப் பையோடு நூலகத்துக்கும் வீதிக்கும் இடையில் நடந்து திரிந்த அந்தத் தலைமுறைக்கு யூனிவர்சிட்டி அவெனியூவும் வளாகத்தின் ஒரு பகுதிதான். அந்த வருடம் பட்டம் வாங்கியவர்களிடம் படிப்பு முடிந்த கதையைக் கேட்டால், மண்டபத்துக்கு முன்னால் அந்த வீதியைத்தான் சொல்வார்கள்.

கென்னடியில் ஏறி, கென்னடியில் இறங்கி

சென் ஜோர்ஜ் வளாகத்தில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் மிகப் பலர் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள வீடுகளிலிருந்து போய்வருகிறவர்கள். நகர மையத்து வாடகை ஒரு காரணம். பெண் பிள்ளையை வெளியில் தங்க விடத் தயங்கும் வீடு இன்னொரு காரணம். இருட்டோடு எழும்பி, பஸ் பிடித்து, கென்னடி நிலையத்தில் இரண்டாம் இலக்க சப்வேயில் ஏறி, சென் ஜோர்ஜில் இறங்கவேண்டும். போக வர இரண்டு மூன்று மணித்தியாலம் போய்விடும். 1985இலிருந்து ஓடிய ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் 2023 ஜூலை 24ஆம் திகதி தடம் புரண்டது. அதோடு அந்தச் சேவையே நின்றுபோனது. ரயிலை நம்பியிருந்த பிள்ளைகள் பனியில் பஸ்ஸுக்கு நின்று படிப்பை முடித்தார்கள்.

2015இல் ரொறன்ரோவின் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து மாணவர்களின் பயணத்தைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தின. தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பாடங்களைத் தெரிவதிலும் வளாக நிகழ்வுகளில் கலந்துகொள்வதிலும் பயணம் குறுக்கே நிற்கிறது என்று அது காட்டியது. எங்கள் வீடுகளுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. பின்னேர வகுப்பு என்றால் அந்தப் பாடம் வேண்டாம். சங்கக் கூட்டம் ஏழு மணிக்கு என்றால் போவதில்லை. பேராசிரியர் வகுப்பு முடிந்து நின்று கதைக்கத் தயார். பிள்ளையின் கண் மணிக்கூட்டில்.

ஆனாலும் ஒரு வாழ்க்கை அங்கே நடந்தது. அம்மா கட்டிக்கொடுத்த புட்டையும் சம்பலையும் சூடாக்க மைக்ரோவேவ் வரிசையில் நின்றபோது, பின்னால் நின்றவர் மணம் பிடித்து "தமிழா?" என்று கேட்டார். அப்படித் தொடங்கிய சிநேகங்கள் கலியாண வீடு வரை வந்திருக்கின்றன. இரண்டு வகுப்புக்கு நடுவே மூன்று மணி நேர இடைவெளி. ரொபாட்ஸில் ஜன்னலோரக் கதிரையில் குளிர் அங்கியைத் தலையணையாக்கித் தூங்கிய பகல்கள். தமிழ் மாணவர் ஒன்றியத்தின் கலை நிகழ்ச்சிக்கு நடனம் பழகிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிய இரவுகள். ஊரைக் கண்ணால் காணாத பிள்ளை, மேடையில் ஊரைப் பற்றிப் பேசத் தமிழ் எழுதிப் பழகியது இந்த ஒன்றியங்களில்தான். வீட்டில் இருந்த தமிழைச் சபைக்குக் கொண்டுவரும் துணிவை வளாகம் கொடுத்தது.

படிப்பு எப்போது முடிகிறது?

இங்கே பிரியாவிடை நழுவிப்போவதற்கு இன்னொரு காரணம் படிப்பின் அமைப்பு. ஒரு ஒனர்ஸ் பட்டத்துக்கு 20 கிரெடிட் வேண்டும். அதை நான்கு வருடத்தில் எடுப்பவர் உண்டு, வேலை பார்த்துக்கொண்டு ஆறு வருடத்தில் எடுப்பவரும் உண்டு. ஸ்காபரோ வளாகத்தில் கோ-ஒப் எடுத்தவர்கள் நடுவில் ஒரு தவணை வங்கியிலோ அரச அலுவலகத்திலோ வேலைக்குப் போய்வருவார்கள். முதல் வருடம் பக்கத்தில் இருந்தவர் மூன்றாம் வருடம் எங்கே என்று தெரியாது. எல்லோரும் சேர்ந்து பிரிய ஒரு நாள் கிடையாது.

கடைசி நாள் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது கடைசிச் சோதனை. சென் ஜோர்ஜ் மாணவர்கள் பலருக்கு மக்கோல் வீதி 255ஆம் இலக்கக் கட்டடம் நன்றாகத் தெரியும்; பல்கலைக்கழகத்தின் சோதனை மண்டபம் அது. ஏப்ரல் மாதத்துப் பின்னேரம் ஒன்றில் மேற்பார்வையாளர் நேரம் முடிந்தது என்கிறார். பேனையை வைத்துவிட்டு, தாளைக் கொடுத்துவிட்டு, சுவரோரம் குவித்துவைத்த பைகளுக்குள் தன் பையைத் தேடி எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார் பிள்ளை. அவ்வளவுதான். கட்டிப்பிடிக்க யாரும் இல்லை. பக்கத்து மேசையில் இருந்தவர் வேறு பாடம், வேறு வருடம். தொலைபேசியை எடுத்து அம்மாவிடம் "முடிஞ்சுது" என்று சொன்னால், "சாப்பிட்டியா?" என்று மறுமொழி வரும். சில வாரம் கழித்து அகோர்ன் என்ற இணையத் தளத்தில் புள்ளிகள் வரும். படிப்பு நின்று ஆறு மாதத்தில் ஓசாப் என்ற மாணவர் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்கவேண்டும் என்ற நினைப்பும் கூடவே வரும்.

2020இல் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கமே சரியாக அமையவில்லை. அந்த மார்ச்சில் வகுப்புகள் இணையத்துக்குப் போயின. 2020, 2021 இரண்டு வருடமும் பட்டமளிப்பு திரையில் நடந்தது. 2022 ஜூனில்தான் மண்டபம் திரும்பவும் நிறைந்தது. ஸ்காபரோ பேஸ்மென்ட் அறையில், அக்காவும் தம்பியும் வெவ்வேறு வகுப்பில் ஒரே நேரம் பேசிக்கொண்டிருக்க, மடிக்கணினியில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த பிள்ளைகள் அவர்கள். இரண்டாம் வருடத்தில்தான் கட்டடங்களின் பெயர் பழகினார்கள். அவர்களிடமிருந்து பறிபோன ஒரு வருடத்துக்கு யாரும் ஈடு செய்யவில்லை.

யங் வீதிப் பக்கம்

சென் ஜோர்ஜ் வளாகத்திலிருந்து கிழக்கே நடந்தால் யங், டண்டாஸ் சந்திப்பு. நாட்டின் மிகப் பரபரப்பான மூலைகளில் ஒன்று. அதன் மடியில் இருப்பதுதான் ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகம். 1852இல் எழுந்த ஆசிரியர் பயிற்சிப் பாடசாலை இருந்த நிலத்தில் 1948இல் ரயர்சன் தொழில்நுட்ப நிறுவனமாகத் தொடங்கி, 1993இல் முழுப் பல்கலைக்கழகமானது. பழைய பாடசாலையின் முகப்பு வளைவு மட்டும் வளாகத்துக்கு நடுவில் இன்னும் நிற்கிறது.

இந்த வளாகத்தில் நகரத்தையும் படிப்பையும் பிரிக்கவே முடியாது. பக்கத்துச் சினிமா வளாகத்தின் திரையரங்குகளில் காலையில் விரிவுரை நடந்த வருடங்கள் உண்டு. சாம் த ரெக்கோட் மான் என்ற புகழ்பெற்ற இசைத்தட்டுக் கடை இருந்த நிலத்தில் 2015இல் மாணவர் கற்றல் நிலையம் எழுந்தது. அதன் கண்ணாடிச் சுவரோரம் இருந்து படிப்பவரின் காலடியில் யங் வீதி ஓடுகிறது. பட்டமளிப்பு நடப்பது மேப்பிள் லீஃப் கார்டன்ஸில். 1931இலிருந்து 1999 வரை ரொறன்ரோவின் ஹொக்கி அணி விளையாடிய அதே கட்டடம். இன்றைக்குக் கீழே லொப்லோஸ் சூப்பர் மார்க்கெட், மேலே பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கு. கீழே மரக்கறி வாங்கிக்கொண்டிருப்பவர்களின் தலைக்கு மேலே பிள்ளைகள் பட்டம் வாங்குகிறார்கள்.

இந்த வளாகத்து மாணவர்கள் ஒரு பெயரையே மாற்றிவிட்டுப் போனார்கள். பல்கலைக்கழகம் முன்பு தாங்கியிருந்த பெயருக்குரிய எகேட்டன் ரயர்சன் ஒன்ராறியோவின் பொதுக் கல்வியை அமைத்தவர். பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, மொழியைப் பறித்த வதிவிடப் பாடசாலைகளுக்கு வழிகாட்டிய கருத்துகளை எழுதியவரும் அவரே. 2021 மே மாத இறுதியில், கம்லூப்ஸில் இருந்த அப்படியான பாடசாலை வளவில் அடையாளமிடாத குழந்தைப் புதைகுழிகள் இருக்கக்கூடும் என்று ராடார் ஆய்வு காட்டியதாக அங்குள்ள பழங்குடி மக்கள் அறிவித்தார்கள். ஜூன் 6ஆம் திகதி வளாகத்து ரயர்சன் சிலை விழுந்தது. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழகத்துக்குப் புதுப் பெயர் வந்தது. 2021 செப்டம்பரில் ஒரு பெயரில் சேர்ந்து, நாலு வருடத்தில் இன்னொரு பெயரில் பட்டம் வாங்கிய தமிழ்ப் பிள்ளைகள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பாடசாலை என்ற பெயரில் ஒரு இனத்தின் மொழியை அழிக்கலாம் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

மேடையில் கேட்கும் பெயர்

திரும்பவும் கொன்வொகேஷன் மண்டபத்துக்கு வருவோம். உளவியல், சமூகவியல் போன்ற முதலாண்டுப் பெரிய வகுப்புகள் சில இந்த மண்டபத்திலேயே நடப்பதுண்டு. ஆயிரம் பேருக்கு நடுவில், பால்கனியில், யாரையும் தெரியாமல் பதினெட்டு வயதில் இருந்த அதே பிள்ளை இப்போது கீழே மேடையை நோக்கி நடக்கிறார்.

மேடையில் பெயர் வாசிக்கிறார்கள். எங்கள் பெயர்கள் நீளம். வாசிப்பவர் ஒரு கணம் மூச்செடுத்துக்கொண்டு தொடங்குவார். தமிழ்க் குடும்பங்களில் கடைசிப் பெயராகப் பதிந்திருப்பது பெரும்பாலும் தகப்பனின் பெயர். கனடாவில் பிறந்த பிள்ளைக்கு அது பல வேளைகளில் அப்பப்பாவின் சொந்தப் பெயர். சாவகச்சேரியிலோ கிளிநொச்சியிலோ தோட்டம் கொத்திய, விமானமே ஏறாத ஒரு மனிதரின் பெயர், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மண்டபத்தில் ஒலிபெருக்கியில் கேட்கிறது. பிள்ளையின் பெயருக்குக் கை தட்டிக்கொண்டிருக்கும் அப்பா, அதற்கடுத்த பெயரைக் கேட்டதும் கை தட்ட மறந்துவிடுகிறார்.

இந்த இடத்தின் கனம் வெளியாருக்குத் தெரிய நியாயமில்லை. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் வந்த தரப்படுத்தலால், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகத் தமிழ் மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டி வந்தது. ஒரு சில புள்ளியில் பல்கலைக்கழகத்தை இழந்தவர்கள் ஒரு தலைமுறை. 1981இல், மே 31ஆம் திகதி இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் அடுத்த தலைமுறை. அவர்கள்தான் இந்த நகரத்து உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், இரவில் அலுவலகம் கூட்டினார்கள், தொழிற்சாலையில் இரண்டு ஷிப்ட் நின்றார்கள். கொலிஜ் வீதியிலும் ஸ்பாடைனாவிலும் உணவகக் குசினிகளில் வருடக்கணக்கில் நின்ற தமிழ் அப்பாமாருக்குப் பல்கலைக்கழகம் நடந்து போகும் தூரம்தான். பின்கதவால் குப்பை கொட்ட வரும்போது அதன் கோபுரம் தெரிந்திருக்கும். உள்ளே போக ஒரு காரணம் இருக்கவில்லை. மகள் பட்டம் வாங்கும் நாளில்தான் அந்தக் காரணம் வந்தது.

மேடையில் பட்டம் கொடுக்கும் வேந்தர் வெஸ் ஹோல் இதைப் புரிந்துகொள்ளக்கூடியவர். 2024 ஜூலையில் பதவிக்கு வந்தார். ஜமேக்காவில் பாட்டியிடம் வறுமையில் வளர்ந்து, 1985இல் கனடாவுக்கு வந்து, ஒரு சட்ட நிறுவனத்தின் தபால் அறையில் வேலை தொடங்கியவர். குடியேறியவரின் பிள்ளைக்குக் குடியேறியவரே பட்டம் கொடுக்கிறார்.

மண்டபத்துக்குள் வர ஒரு மாணவருக்குப் பொதுவாகக் கிடைப்பது இரண்டு நுழைவுச் சீட்டு. அம்மாவும் அப்பாவும் போனால் அம்மம்மாவுக்கு இடமில்லை. அவர் வீட்டில் தொலைக்காட்சியில் நேரலை போட்டுவிட்டுச் சாமிப் படத்துக்கு விளக்கேற்றி இருப்பார். சின்ன வயதில் பிள்ளையை நித்திரையிலிருந்து எழுப்பி, தலை வாரி, பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றியது பல வீடுகளில் அவர்தான். அப்போது அம்மா அப்பா இருவரும் வேலையில்.

ஏழரை மணி இரவில் பார்ப்பவர்கள்

எல்லாப் பெற்றோரும் அந்த மண்டபத்துக்கு வந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வெளிநாட்டு மாணவராக வந்தவர்களின் பிரியாவிடை வேறு மாதிரி. கலை, அறிவியல் படிப்பில் ஒன்ராறியோ மாணவர் வருடத்துக்குச் சுமார் 6,100 டொலர் கட்டும் இடத்தில் அவர்கள் 60,000 டொலருக்கும் மேல் கட்டுகிறார்கள். வீட்டை அடகு வைத்து அனுப்பிய பெற்றோர் விசாவும் விமானச் செலவும் கூடாமல் ஊரிலேயே இருந்துவிடுகிறார்கள். ரொறன்ரோவில் காலை பத்து மணி என்றால் திருச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு ஏழரை. பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு தொலைபேசித் திரையில் மகனைத் தேடுகிறார்கள்.

படிப்பு முடிந்த பிறகு வேலை செய்வதற்கான அனுமதி அதிகபட்சம் மூன்று வருடம். 2024 ஜனவரியில் கனடிய அரசு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த வருடம் சுமார் 3,60,000 புதிய அனுமதிகள்தான் என்றது. முந்தைய வருடத்தைவிட 35 வீதம் குறைவு. வளாகத்தை விட்டுப் போகும் இந்தப் பிள்ளைகளுக்கு நாட்டை விட்டும் போகவேண்டி வருமோ என்ற பயம் சேர்ந்தே இருக்கிறது. இங்கே வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளையின் பட்டமளிப்பு அன்று, பூங்கொத்தோடு வர யாருமில்லாமல் தனியே நிற்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையையும் தங்கள் படத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டால் அது பெரிய காரியம்.

நாங்கள் அங்கே வைத்துவிட்டு வந்தவை

இந்த வளாகங்கள் எங்களுக்குப் படிப்பை மட்டும் தரவில்லை; நாங்களும் அங்கே சிலவற்றை வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த செல்வா கனகநாயகம் பிறகு ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகி, ஈழத்துக் கவிதைகளையும் கதைகளையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். 2006இல் தொடங்கிய தமிழியல் மாநாட்டுக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். 2014 நவம்பரில், கனடிய றோயல் சங்கத்தின் உறுப்பினராக அவரை ஏற்றுக்கொண்ட அதே நாட்களில், அவர் காலமானார். எழுத்தாளர் அ. முத்துலிங்கமும் நண்பர்களும் 2001இல் தொடங்கிய தமிழ் இலக்கியத் தோட்டம் இந்தப் பல்கலைக்கழகத்தின் தென்னாசிய ஆய்வு மையத்தோடு கைகோத்து வளர்ந்தது. அதன் முதல் இயல் விருது சுந்தர ராமசாமிக்குப் போனது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழ் இருக்கை. ஸ்காபரோ வளாகத்தில் அதை நிறுவ 30 லட்சம் டொலர் வேண்டும் என்று 2018இல் தொடங்கி, 2021இல் சேர்த்து முடித்தார்கள். கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் பல்கலைக்கழக வகுப்பறையில் ஒரு நாளும் இருந்திராத தொழிலாளர்கள் உண்டு. தாங்கள் நுழையாத வாசலுக்குள் தங்கள் மொழி நிரந்தரமாக இருக்கவேண்டும் என்று உழைத்த காசைக் கொடுத்தார்கள்.

படிக்காதவர்களே அந்த இடத்தைத் தங்களுடையதாக நினைத்திருக்கும்போது, படித்து முடித்தவர்கள் கென்னடி ரயிலில் ஏறி அப்படியே மறைந்துவிடக்கூடாது. பெற்றோரும் பட்டமளிப்பு நாள் வரைக்கும் காத்திருக்கவேண்டியதில்லை. கடைசிச் சோதனை முடிந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அவர்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும். கவுன் வேண்டாம், படப்பிடிப்பாளர் வேண்டாம். முதல் வகுப்பு நடந்த அறை எது, தூங்கிய கதிரை எது, முதல்முறை தோற்றுப்போன பாடத்தின் விடைத்தாளை வாங்கிக்கொண்டு தனியே உட்கார்ந்த படி எது என்று காட்டட்டும். 1972 வரை பெண்களுக்குக் கதவு மூடியிருந்த ஹார்ட் ஹவுஸ் என்ற மாணவர் நிலையத்துக்குள் அம்மாவை முன்னால் விட்டு நடக்கட்டும். நாலு வருடமாக வீட்டில் "கம்பஸ்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்திருந்த வாழ்க்கையை அப்பாவும் அம்மாவும் அன்றைக்குக் கண்ணால் பார்ப்பார்கள். பிள்ளையும் அதைத் தன் வாயால் சொல்லி முடிப்பார். விடைபெறுதல் என்பது அதுதான்.

அதற்குப் பிறகும் உறவு தொடரவேண்டும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஆளுநர் சபையில் ஐம்பது இடங்களில் எட்டு பழைய மாணவர்களுக்கானவை. பழைய மாணவர் சங்கங்களில் எங்கள் குரல் இன்னும் மெல்லியது. தமிழ் மாணவர் ஒன்றியத்தின் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, எந்தப் பாடம் எடுப்பது, மனம் சோர்ந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல ஒரு அக்கா, ஒரு அண்ணா தேவை. இந்த வளாகத்துக்கு மதில் இல்லை என்பதன் முழு நன்மை இங்கேதான் இருக்கிறது. வெளியேறியவர் எந்த நாளும் உள்ளே வரலாம், யாரும் மறிக்கமாட்டார்கள்.

இந்த ஜூனில் பட்டம் வாங்கும் பிள்ளைகளிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் தெருவில், உங்கள் கோயிலில், உங்கள் அம்மாவின் வேலைத்தலத் தோழியின் வீட்டில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கும். அந்தப் பிள்ளையையும் அதன் பெற்றோரையும் ஒரு சனிக்கிழமை உங்கள் வளாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பெற்றோரின் முதல் நாள், பிள்ளையின் கடைசி நாளாக இருக்க விடாதீர்கள்.